நாற்பது நிமிடத்தில் நிற்கும் அம்ப்ளிஃபயர்

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு பொய் சொன்னேன்.

சின்னப் பொய் இல்லை. டெக்னிக்கல் பொய். அதுவும் நாற்பது வருடச் சிநேகிதனின் முகத்தை நேரே பார்த்து, அவன் மனைவி போட்டுத் தந்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு...

வெட்கமாக இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை! அதுதான் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

முதலில் என்னை இந்த வம்பில் மாட்டிவிட்டது யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள்தான். போன வருடம் இதே பக்கத்தில், எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டுக்கு நான் ஓர் அம்ப்ளிஃபயர் வாங்கிய கதையை எழுதினேன். வாசித்துவிட்டுச் சிரித்துவிட்டுப் போவீர்கள் என்று நினைத்தேன். எங்கே போனீர்கள்? அன்றிலிருந்து நான் சவுண்ட் எக்ஸ்பேர்ட். காலி வீதியில் மீன் வாங்க நின்றால், பக்கத்தில் நிற்பவர் பாரை மீனின் செவுளைத் திறந்து பார்த்தபடியே கேட்கிறார்: "சேர், ரிசீவர் நல்லதோ, இன்டக்ரேட்டட் நல்லதோ?" பல் டொக்டர் என் வாயை அகலத் திறக்க வைத்துவிட்டுக் கேட்கிறார்: "செப்பரேட்ஸ் பற்றி என்ன நினைக்கிறீங்க?" அந்த நிலைமையில் ஒரு மனிதன் என்னத்தை நினைப்பது?

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்தியானம் கடையில் சோற்றுப் பார்சல் கட்டித் தருவார்களே... சோறு, பருப்பு, கோழி, சம்பல், அப்பளம் எல்லாம் ஒரே பொட்டலத்தில்? அதுதான் ரிசீவர். ரேடியோ உள்ளே, டீவிக்கு வேண்டிய இணைப்பெல்லாம் உள்ளே, ஐந்தாறு ஸ்பீக்கருக்கான பலமும் உள்ளே. இன்டக்ரேட்டட் வீட்டுச் சாப்பாடு. சினிமாச் சோடனை ஒன்றும் கிடையாது. இரண்டு ஸ்பீக்கர், ஒரு பெட்டி, பாட்டு மட்டும். செப்பரேட்ஸ் என்பது கல்யாண வீட்டு மேசை. வொல்யூமைப் பார்த்துக்கொள்ளும் ப்ரீ-அம்ப் ஒரு பெட்டி, ஸ்பீக்கரை இயக்கும் பவர் அம்ப் இன்னொரு பெட்டி. ரேடியோ வேண்டுமா? அதற்கும் தனிப் பெட்டி.

இதில் எது நல்லது என்று இவ்வளவு நாளும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பொய் சொன்ன அந்தச் சிநேகிதன் அன்ரன், துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவன். (பெயரை மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டாலும் பரவாயில்லை, அவன் இந்தப் பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தோடு நிறுத்திவிடுவான்.) ரிட்டையர் ஆன கையோடு என்னிடம் வந்து, "மச்சான், இனி இருந்து பாட்டுக் கேக்கப் போறன். என்ன வாங்க?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "செப்பரேட்ஸ்!" என்றேன். அடுத்தவன் வீட்டுக்குச் சாமான் தெரிவு செய்யும்போது நம் எல்லோருக்கும் கை தாராளம்தானே.

வாங்கினான். ப்ரீ-அம்ப், பவர் அம்ப், சீடி பிளேயர் என்று மூன்று பெட்டி வந்தது. இரண்டு ஸ்பீக்கரும் வந்தன. ஸ்பீக்கர்களுக்கு எதிரே சரியாக எந்த இடத்தில் இருந்து கேட்டால் பாட்டு நடுவில் வந்து நிற்கும் என்று அளவு நாடாவோடு போய்ப் பார்த்துக் கொடுத்தவனும் நான்தான். அன்ரன் அந்த இடத்தில் தன் கதிரையைப் போட்டு, அதன் நான்கு காலுக்கும் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி அடையாளம் வைத்தான். துறைமுகத்தில் பெட்டிகளுக்கு இடம் குறித்துப் பழகிய கை! யாராவது கூட்டுகிறபோது கதிரையை நாலு விரல் நகர்த்திவிட்டால் அன்று வீட்டில் பூகம்பம்தான். காலையில் பூசைக்குப் போய் வந்து கதிரையில் இருந்தானென்றால், கண்ணை மூடிக்கொள்வான். அவன் முகம் ஸ்பீக்கர் பக்கம். முதுகு, சமையல் நடக்கிற குசினிப் பக்கம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஏழெட்டு மாதத்துக்கு முன் வருத்தம் தொடங்கியது. பாடிக்கொண்டிருக்கும் அம்ப், நாற்பது நிமிடம் போல ஆனதும் 'டிக்' என்று நின்றுவிடும். ஒரு மணித்தியாலம் விட்டுப் போட்டால் பழையபடி பாடும். திரும்ப நாற்பது நிமிடம்... டிக்.

எக்ஸ்பேர்ட்டுக்கு போன் வந்தது. "கரண்ட் ஏறி இறங்குது, ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கு" என்றேன். வாங்கினான். டிக். "ஸ்பீக்கர் வயர் மெல்லிசு, தடித்ததாகப் போடு" என்றேன். போட்டான். டிக். "பிளக்கை வேறு சுவருக்கு மாற்று" என்றேன். அலுமாரியை நகர்த்தி, சுவரில் துளை போட்டு மாற்றினான். அதற்கும் டிக். கடைசியில் என்னை நம்புவதை விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனவன் ஓர் அந்தோனியார் சுருவத்தை, சின்னச் சிலைதான், வாங்கிவந்து பவர் அம்பின் மேலேயே வைத்துவிட்டான். அதற்குப் பிறகு முப்பத்தெட்டாவது நிமிடத்திலேயே நிற்கத் தொடங்கியது.

போன வெள்ளிக்கிழமை போன் எடுத்தான். குரலே சரியில்லை.

"மச்சான், என்னால ஏலாதடா. முதலாம் குறுக்குத் தெருவில ரேடியோக் கடை வச்சிருக்கிற நானாட்டப் போய்க் கதைச்சிட்டன். இந்த மூண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஒரு ரிசீவர் தாறாராம். செவ்வாய்க்கிழமை வான் வருது."

"ரிசீவரா? நீயா?"

"உள்ளுக்குள்ளயே ஃபேன் இருக்காம். 'காலைல போட்டா ராவைக்கு நீங்கதான் சேர் நிப்பாட்டோணும்' எண்டு சொல்றார். ஞாயிற்றுக்கிழமை கடைசியா ஒருக்கா வந்து பார். பிழையைப் பிடிச்சியெண்டா வானை வரவேண்டாம் எண்டு சொல்றன். இல்லாட்டி ஏத்திவிடுறன்."

என் மானம் போகிற விஷயம். கல்யாண மேசை போட்டுக் கொடுத்தவன் நான். அது சோற்றுப் பார்சலாகித் திரும்பி வருவதா? ஞாயிறு காலை இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனையில் இறங்கினேன்.

அன்ரன் எனக்காக ஒரு சீடியைப் போட்டுவிட்டுத் தன் கதிரையில் இருந்தான். நான் பக்கத்துச் செற்றியில். (அந்த ஹோலில் கதிரை ஒன்றுதான் பாட்டுக் கேட்கிற இடம். மற்றவர்களுக்குப் பாதிப் பாட்டுத்தான் கிடைக்கும்.) நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது, முப்பது, முப்பத்தைந்து... முப்பத்தெட்டில் டிக்.

"பாத்தியா?" என்றான் அன்ரன், செத்தவீட்டில் கேட்பதுபோல.

அந்த நேரம் பார்த்துக் குசினியிலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது. பிலோமினா அன்ரனின் மனைவி. மெல்லிய குரல்தான், ஆனால் அந்த வீட்டில் அது சொன்னால் நடக்கும்.

"இஞ்சாருங்கோ, பால் பிழியத் தேங்காய் காணாது. ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். நான் தனியே பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்றேன்.

அன்ரன் வீட்டில் எல்லாவற்றுக்கும் சட்டை உண்டு. டீவிக்கு, ஃபிரிட்ஜுக்கு, மைக்ரோவேவுக்கு, தண்ணீர் ஃபில்டருக்கு எல்லாம் பிலோமினா கையால் பின்னிய கம்பளி நூல் உறை இருக்கும். வீதியில் லொறி போகிற தூசுக்கு அது வேண்டியதுதான். வருடக் கணக்காகப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. பவர் அம்புக்கும் ஒன்று இருந்தது. வெள்ளையும் நீலமுமாக, கரையெல்லாம் பூ வைத்து, நல்ல தடிப்பு. அதன் மேல் அந்தோனியார் நின்றார்.

எதேச்சையாகத்தான் கையை வைத்தேன். ஐயோ! தோசைக்கல்.

உறையின் ஒரு மூலையை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். பெட்டியின் மேல் தகடு முழுவதும் வரிசை வரிசையாகத் துளைகள். சூடு வெளியே போக வைத்த துளைகள்! பவர் அம்ப் சூடேறும், துளையால் சூடு போகும். போக வழியில்லாமல் மூடினால், உள்ளே இருக்கிற பாதுகாப்பு 'இதற்கு மேல் தாங்காது' என்று தானாக நிறுத்திவிடும். இது எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இருக்கிற விஷயம். எக்ஸ்பேர்ட் ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னான்!

சந்தோஷத்தில் துள்ளாத குறை. உறையை உருவி எடுக்கவேண்டியதுதான், வேலை முடிந்தது. ஆனால் மேலே சுருவம் இருக்கிறதே... காலையில் குளிக்காமல் வெறும் தேத்தண்ணியோடு புறப்பட்டுவந்த சைவக்காரன் நான், அந்தோனியாரைத் தூக்கலாமா? கையைக் கழுவிவிட்டு வருவோமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, அதை இருந்தபடியே விடுங்கோ."

பின்னால் பிலோமினா. கையில் எனக்குத் தேத்தண்ணி.

"தங்கச்சி, இந்த உறைதான்! இதாலதான் நிக்குது!" என்றேன் பெருமையாக.

"தெரியும்" என்றார்.

நான் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

"முதல் நான் தூசுக்குத்தான் பின்னினது அண்ணை. போட்ட அண்டைக்கே பாட்டு நிண்டுட்டுது. இவர் கரண்ட்காரரைப் பேசிப் பேசிக் குசினிக்குள்ள வந்தார். நான் வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தனான். முக்காலியில இருந்து தானும் ரெண்டை உரிச்சார். உரிச்சுக்கொண்டே, சின்ன வயசில கடலுக்குள்ள விழுந்து பிழைச்ச கதையைச் சொன்னார். கலியாணம் முடிச்சு முப்பத்தஞ்சு வருசம். நான் அதை அண்டைக்குத்தான் கேட்டனான்."

"பிறகு?"

"அடுத்த நாள் உறையைத் தோய்ச்சுக் காயப் போட்டிருந்தனான். பாட்டு மூண்டு மணித்தியாலம் நிக்கேல்ல. மனுசன் அசையவும் இல்லை. அதுக்கு அடுத்த நாள் உறையைப் போட்டுப் பாத்தன். நிண்டுட்டுது. ஆள் வந்திட்டார்."

சயன்ஸ் ரீச்சர் கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். அத்தோடு விடவில்லை பிலோமினா. முதல் பின்னியது மெல்லிய நூல், ஒரு மணித்தியாலத்துக்குப் பாடுமாம். அவிழ்த்துவிட்டுத் தடித்த நூலில் பின்னினாராம், நாற்பது நிமிடத்துக்கு வந்ததாம். "ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில கீழால ஒரு துவாயும் மடிச்சு வைக்கிறனான். அரை மணித்தியாலம்" என்றார். அந்தோனியார் வந்ததால் இரண்டு நிமிடம் குறைந்தது மட்டும் அவர் எதிர்பார்க்காத லாபம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பயமும் வந்தது. "பத்திக்கித்தி எரிஞ்சா?"

"நான் வீட்டில நிக்கேக்க மட்டும்தான் போடுறது. வெளியில போகேக்க கழட்டிப்போட்டுத்தான் போவன். மெழுகுதிரி கொளுத்தவும் விடுறேல்ல."

"அவனுக்கு நேர சொன்னா என்ன தங்கச்சி? கொஞ்ச நேரம் வந்து என்னோட கதையுங்கோ எண்டு?"

"சொன்னனான் அண்ணை. வந்து இருந்தார். மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து இருந்தார். பெட்டி தானா நிண்டு வந்தாத்தான் அவர் கதைப்பார்."

எக்ஸ்பேர்ட் புத்தி சும்மா இருக்குமா? "ஒரு வழி இருக்கு" என்றேன். "குசினிக்குள்ளயும் ரெண்டு ஸ்பீக்கர் பூட்டலாம். நானா சொல்ற ரிசீவரில அதுக்கும் இடம் இருக்கு. நீங்களும் கேக்கலாம்."

பிலோமினா என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"எனக்குக் குசினிக்குள்ள பாட்டு வேண்டாம் அண்ணை. ஆள் வேணும். இவ்வளவு வருசமும் அவரை ஹாபருக்குக் குடுத்தனான். இனி ஃபேன் வச்ச பெட்டிக்குக் குடுக்கச் சொல்றீங்களோ?" தரையில் இருந்த மஞ்சள் டேப்பைக் காட்டி, "கதிரையை அந்த இடத்தில போடச் சொன்னதும் நீங்கதானே" என்றார்.

சுருக்கென்றது. அளவு நாடாவை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அந்த ஹோலில் நான் அங்கும் இங்கும் நடந்தது ஞாபகம் வந்தது. ஸ்பீக்கரிலிருந்து கதிரைக்கு எத்தனை அடி என்று அளந்தேன். கதிரையிலிருந்து குசினிக்கு எத்தனை அடி என்று அளக்கவில்லை. அன்றைக்கும் இந்தப் பெண் எனக்குத் தேத்தண்ணிதான் தந்தார். எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

கீழே படியில் செருப்புச் சத்தம். அன்ரன் தேங்காயோடு வந்துவிட்டான்.

"பிழையைக் கண்டுபிடிச்சியா?"

பிலோமினா தேங்காயை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனார். போகிறபோது திரும்பியும் பார்க்கவில்லை. நான் ஒரு மிடறு குடித்தேன். செவ்வாய்க்கிழமை வரப்போகிற வானை நினைத்தேன். பிறகு, சொன்னேன்.

"பிழையே இல்லை மச்சான். செப்பரேட்ஸ் எண்டா இப்பிடித்தான். நல்ல பவர் அம்ப் நாப்பது நிமிசம் வேலை செஞ்சா ஒரு மணித்தியாலம் ரெஸ்ட் கேக்கும்."

"டேய்... போன மாசம் ஸ்டெபிலைசர் எண்டனி?"

"அது... போன மாசம்."

"வயர் எண்டனி. சுவரை உடைக்கச் சொன்னனி. இப்ப ரெஸ்ட் எண்டுறாய்?"

மாட்டினேன் என்று நினைத்தேன். அன்ரன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அந்தோனியாரைப் பார்த்தான். திடீரென்று அவன் முகம் மலர்ந்தது.

"கிரேன்!" என்றான்.

"என்ன?"

"ஹாபர்ல பழைய கிரேனுக்கும் இதுதான்டா! இவ்வளவு நேரம் தூக்கினா இவ்வளவு நேரம் விடவேணும். விடாமல் வேலை வாங்கினா சூடேறி நிண்டுடும். நல்ல சாமான் எல்லாம் அப்பிடித்தான். மடையா, இதை முதலே சொல்லியிருக்கலாமே!"

நான் தொடங்கிய பொய்யை அவனே அத்திவாரம் போட்டுக் கட்டி, கூரையும் போட்டுவிட்டான். அங்கேயே நின்று நானாவுக்கு போன் எடுத்தான். "நானா, வான் தேவையில்லை. எங்கட எக்ஸ்பேர்ட் சொல்லிட்டார், பெட்டி ஃபஸ்ட் கிளாஸ். ரெஸ்ட்தான் காணாது." குசினியில் தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. ஒரே அடி.

சாப்பிட்டு முடிந்து, பின்னேரம் இன்னொரு தடவை போட்டான். நான் செற்றியில் பாதிப் பாட்டுக் கேட்டபடி இருந்தேன். முப்பத்தெட்டு. டிக். இந்த முறை அன்ரன் யாரையும் பேசவில்லை. கண்ணைத் திறந்து, பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, எழுந்து குசினிக்குப் போனான்.

"பிலோ, பெட்டிக்கு ரெஸ்ட். என்ன செய்யிறீர்?"

"கட்லட்டுக்குக் கிழங்கு மசிக்கிறன்."

"தாரும், நான் மசிக்கிறன். ஒருக்காத் துறைமுகத்தில கிழங்குக் கப்பல் வந்து நாறின கதை சொல்லியிருக்கிறனோ உமக்கு?"

"இல்லையே..."

எனக்கு அந்தக் கதை தெரியும். நூறு தரம் கேட்டிருக்கிறேன். எங்களுக்கெல்லாம் சொன்னவன் வீட்டில் சொல்லவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்து போய் அவர்களைக் குழப்பாமல் செற்றியிலேயே இருந்தேன். பிலோமினா சிரிக்கிற சத்தம் இரண்டு தடவை கேட்டது.

ஆகவே, பாரை மீன்காரரே, பல் டொக்டரே, கேள்வி கேட்டு எழுதிய மற்ற எல்லோருமே... ரிசீவரா, இன்டக்ரேட்டட்டா, செப்பரேட்ஸா? கடைக்குப் போனால் ஹோல் எத்தனை அடி என்று கேட்பார்கள், எத்தனை ஸ்பீக்கர் என்று கேட்பார்கள், எவ்வளவு செலவழிப்பீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. இனிமேல் அதைத்தான் முதலில் கேட்பேன். எந்தப் பெட்டி வேண்டுமானாலும் வாங்குங்கள், கதிரையின் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் ஒருக்காப் பாருங்கள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

புறப்படும்போது பிலோமினா ஒரு பார்சல் தந்தார். "சரோ அக்காட்டக் குடுங்கோ. நான் போனில கதைச்சனான்." கட்லட் என்று நினைத்து, பஸ்ஸில் மடியிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தேன். சரோ என் மனைவி. பார்சலை வாங்கி, பிரிக்காமலே உள்ளே கொண்டுபோனாள். கட்லட் மேசைக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை, பாட்டுப் போட ஹோலுக்கு வந்தேன். என்னுடைய அருமை இன்டக்ரேட்டட் வெள்ளையும் நீலமுமாக ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. கரையெல்லாம் பூ. மேலே, வழுக்காமல் இருக்க, எங்கள் சுவாமி அறைப் பிள்ளையார்.

பிள்ளையாரை அசைக்காமல் பாட்டைப் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தேன். நாற்பத்திரண்டாவது நிமிடத்தில், டிக்.

குசினிக்குப் போனேன். இரண்டாவது முக்காலி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.